பீப்பாய்க்கும் குளிரும்

கேமரன் மலையிலுள்ள கியா பார்மில் வாடைக்குப் பஞ்சமில்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் முதலில் எதிர்கொண்டு அழைப்பது கோழி எரு. கோசுக்கும் தக்காளிக்கும் போடுவதற்காகக் கீழேயிருந்து லோரி லோரியாக ஏறி வருவது. அதைத் தொடர்ந்து அழுகிய கோசு இலை. விற்பனைக்கு வைக்குமுன் உரித்தெறிந்த வெளியிலைகள் ஓரத்தில் குவிந்து கிடக்கும். பிறகு அவித்த சோளம், பொரித்த காளான், ஸ்டீம்போட் கரிப்புகை, நெரிசலில் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்துகளின் டீசல். பள்ளி விடுமுறையில் வந்தால் இத்தனையும் ஒரே மூச்சில் கிடைக்கும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கி, கையை விரித்து, நெஞ்சு நிறைய இழுத்து, "ஆகா, மலைக்காற்று!" என்பார்கள். நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை. வியாபாரம் நடக்க வேண்டுமே.

இப்படி வந்த வாடைக்கெல்லாம் இடம் கொடுத்த ஊர், என் அம்மாவின் ஒரே ஒரு பீப்பாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த அநியாயத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அம்மா தேயிலைக்காரி. தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்திலேயே கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலையை அளக்க வந்து, தன் பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவில் கன்று நட்டவர்களில் அம்மாவின் தாத்தாவும் ஒருவர். அவர் நட்டது எந்தச் செடி என்று கேட்டால், அம்மா சுங்கை பாலாஸ் பக்கம் திரும்பி, கையை நீட்டி மலையையே ஒரு வட்டம் போட்டுக் காட்டுவாள். சந்தேகப்படுகிறவன் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

தலைமுறை தலைமுறையாக இலையைப் பார்த்த குடும்பம். அதனால் அம்மாவுக்குச் செடி என்றால் இலை. தேயிலையைக் கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாக வளர்ந்து, பூத்துக் காய்க்க ஆரம்பித்துவிடும். தோட்டத்துக்கு நட்டம். ஆகவே பூ, காய், பழம் மூன்றுமே அம்மாவின் தாவரவியலில் செடி கெட்டுப்போவதற்கான அறிகுறிகள். ரோஜா பூத்தால், "பூத்திருச்சா, சரி விடு" என்பாள். அதே ரோஜாவில் செம்பு நிறத்தில் ஒரு தளிர் எட்டிப் பார்த்தால் வீட்டிலிருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

இலை என்றதும் தமிழ் வீட்டில் முன்னால் வந்து நிற்பது கறிவேப்பிலை. வினை அங்கேதான் முளைத்தது. எங்கள் ஊர் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் 15 டிகிரிவரை இறங்கும். கோசுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் இது சொர்க்கம்; கறிவேப்பிலைக்கு நாடு கடத்தல். அம்மாவின் செடி, பதினைந்து வயசுப் பையனின் மீசை மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்விட்டு, அதோடு நின்றுவிட்டது. ஈப்போவில் இருக்கும் சித்தி வீட்டு வாசலில் அதே கறிவேப்பிலை கூரையைத் தொடுகிறது. சித்தி வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டு வந்து, "இந்தாக்கா, ஒனக்குத்தான் இங்க கெடைக்காதே" என்று கொடுப்பாள். அன்பாகத்தான் கொடுப்பாள். அந்த அன்பை அம்மாவால் தாங்க முடியவில்லை.

முதலில் புளித்த மோர் ஊற்றிப் பார்த்தாள். கறிவேப்பிலைக்கு அதைவிட்டால் வேறு மருந்து நம் பாட்டிமார் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் குளிரில் மோர் புளித்தால்தானே? இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே எங்களை வரவேற்கும். இட்லி மாவு பொங்க வேண்டுமென்றால் அரிசி மூட்டைக்கும் ஃபிரிஜ்ஜின் பின்பக்கத்துக்கும் நடுவே, மோட்டார் சூட்டில், பாத்திரத்தைச் செருகி வைக்க வேண்டும். அம்மா அந்த இடத்தை இரண்டாகப் பிரித்து மோருக்கும் ஒரு பங்கு கொடுத்தாள். செடி அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் பாட்டிக்குக் கைப்பேசியில் வீடியோ தேடக் கற்றுக்கொடுத்தாள். கறிவேப்பிலை என்று தேடப்போன அம்மா, இரண்டே நாளில் தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மைக்குள் முழுசாக இறங்கிவிட்டாள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பழைய பேச்சுகளைக் கேட்டாள். 2013-இல் அவர் மறைந்துபோன செய்தி அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது; அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கருக்கு 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னாள். தோளில் துண்டோடு யார் வந்து "வணக்கம் நண்பர்களே" என்றாலும் பதில் வணக்கம் சொன்னாள். ஒரு நாள் காலையில் என் எதிரே நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்தாள்.

"எழுதிக்க. பஞ்சகவ்யம்."

ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடியில் கே. நடராஜன் என்ற மருத்துவர், கோயிலில் தீர்த்தமாகக் கொடுக்கும் பஞ்சகவ்யத்தோடு இன்னும் சில பொருள்களைச் சேர்த்துப் பயிருக்கான கரைசலாக்கிப் பரப்பினார். அதைத்தான் இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் வீட்டுக்கு வீடு பீப்பாயில் கலக்குகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகமே அளவு கொடுத்திருக்கிறது: சாணி 7 கிலோ, நெய் 1 கிலோ, இரண்டையும் பிசைந்து 3 நாள் வைக்க வேண்டும். கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்து 15 நாள் கலக்கிவர வேண்டும். அதற்குமேல் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் வாழைப்பழம் 12. முப்பதாம் நாள் தயார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "இது உரமா, அபிஷேகமாம்மா?"

அம்மாவுக்கே நெய்யில் தடுக்கியது. கறிக்குழம்பில் ஒரு கரண்டி நெய் கூடப் போனால் மருமகளை முறைத்துப் பார்க்கிறவளுக்கு, ஒரு கிலோ நெய்யைச் சாணியில் பிசைவதற்கு எப்படி மனம் வரும்? "நெய் வேணாம். பாலும் கொஞ்சமா ஊத்திக்கலாம். மாட்டுக்குத் தெரியவா போகுது?" என்று முடிவு செய்தாள். எவ்வளவு வெட்டிக் குறைத்தாலும் விட முடியாதவை சாணியும் கோமியமும். இரண்டும் மாட்டிடமிருந்துதான் வர வேண்டும். மலையில் மாடு எங்கே இருக்கிறது?

ஒரு காலத்தில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு மாடு கட்டியிருந்ததையும், பால் ஊற்றிச் சீட்டுப் பணம் கட்டியதையும் அம்மா இன்னமும் சொல்வாள். இப்போது லயத்தின் பின்னால் நிற்பது மோட்டார் சைக்கிள். கடைசியில் ரிங்லெட் பக்கம் ஒருவர் மாடு வைத்திருப்பதாகத் தகவல் கிடைத்து, என்னை அனுப்பினாள். மாட்டுக்காரரிடம் புதுமனை புகுவிழாவுக்குக் கோமியம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. குட்டிப் போத்தலைக் கொண்டுவந்து வாங்கிப்போவார்கள். நான் இரண்டு பெரிய கேன்களோடு போய் இறங்கியதைப் பார்த்து மனிதர் அசந்துபோனார்.

"எத்தன வீடு கட்டறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், மாட்டிடம் அழைத்துப் போனார். கோமியம் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாடு எழுந்ததும் பிடிக்க வேண்டும். அதிலும் முதலில் வருவதுதான் உசத்தி என்பார்கள். வாளியோடு பின்னால் நிற்கும் ஆளை மாடு உணர்ந்துவிட்டால் அடக்கிக்கொள்ளும். தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மலையை வேடிக்கை பார்ப்பவனைப்போல நின்றேன். விவரமாக எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. கேன் நிரம்பியபோது வெயில் ஏறிவிட்டது. அன்று சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்கு வர நினைப்பவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், அல்லது அம்மா பேச்சைக் கேட்கிறவனாக இருக்க வேண்டும். இருப்பது ஒரே சாலை. சந்தைக்கு எதிரே எல்லாரும் காரை ஓரமாகச் சாய்த்துவிட்டுச் சோளம் வாங்க இறங்கிவிடுவார்கள். பின்னால் மலை நீளத்துக்குக் கார்கள் நிற்கும். நானும் நின்றேன். கோமியத்தில் இருக்கும் யூரியா, கிருமிகள் கைபட்டதும் அம்மோனியாவாக மாறும்; சூட்டில் அந்த வேலை வேகமாக நடக்கும். மூடிய காரும் மதிய வெயிலும் அதற்குப் போதும். கண்ணாடியை இறக்கினேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் தங்கள் கண்ணாடியை ஏற்றினார்கள். அவர்கள் பின்சீட்டுக் குழந்தை மட்டும் ஆராய்ச்சியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது தன் அம்மாவிடம் ஏதோ கேட்க, அந்த அம்மா என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள்ளிருந்து எப்படி மறுப்பது?

போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் நடந்து வந்தார். என் ஜன்னலுக்குக் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். "என்ன கொண்டுபோகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். "பாஜா" என்றேன். பாஜா என்றால் உரம். மலையில் மரியாதைக்குரிய சொல். அவர் அதற்குமேல் எதையும் விசாரிக்கவில்லை. விசிலை ஊதி, எதிர்வரிசையை நிறுத்தி, எனக்கு மட்டும் வழி திறந்துவிட்டார். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் கியா பார்ம் சந்தையைத் தடையின்றிக் கடந்தவன் என்ற பெருமை இன்றுவரை எனக்குத்தான்.

அந்தக் கோமியமும் சாணியும் வெல்லமும் வாழைப்பழமுமாக நீலத் தோங்கில் இறங்கின. தோங் என்றால் இங்கே பிளாஸ்டிக் பீப்பாய். அம்மா காலையும் மாலையும் குச்சியால் வலமாகக் கலக்கினாள். பத்து நாள் ஆயிற்று, அசைவில்லை. இருபது நாள் ஆயிற்று, இரண்டு குமிழி. முப்பதாம் நாள் மூடியைத் திறந்தால், உள்ளே போன சரக்கு போனபடியே இருந்தது.

இதில் அம்மாவின் பிழை எதுவும் இல்லை. கொடுமுடி காவிரிக் கரையில் இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற சீமை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சூட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பத்து டிகிரி குறைந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கொடுமுடியில் முப்பது நாளில் முடிகிற வேலை இங்கே எப்போது முடியும் என்று வீடியோக்காரர் யாரும் சொல்லவில்லை. அவர்கள் யாரும் ஸ்வெட்டர் போட்டதில்லை. நான் இந்தக் கணக்கை விளக்கியபோது அம்மா ஒரே வரியில் முடித்தாள்: "அப்ப அதுக்கும் குளிருது."

எங்கள் கடையில் கேமரன் ஹைலேண்ட்ஸ் என்று எழுதி, நெஞ்சில் பெரிய ஸ்ட்ராபெரி தைத்த குளிர்ச்சட்டை விற்போம். விற்காமல் கிடந்த எக்ஸ்எல் சைஸ் ஒன்றை எடுத்துத் தோங்குக்கு மாட்டினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின; காற்றடித்தால் ஆடின. தலைக்குளிர் கூடாது என்று மூடிக்கு மேல் ஒரு குல்லாயும் வைத்தாள். கடைக்குப் பின்னால் கழிவறை தேடி வந்த சுற்றுலாக்காரர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தோளில் கைபோட்டுச் சிரித்தபோதுதான் மூச்சை உள்ளே இழுத்தாள். சிரிப்பு நின்றது. படத்தில் அது விழுந்திருக்கும்.

சட்டை வேலை செய்தது. பஞ்சகவ்யம் தாமதமாகவேனும் பொங்கியது. நூறுக்கு மூன்று என்ற கணக்கில் கலந்து தெளித்தோம். கறிவேப்பிலையில் நிஜமாகவே மூன்று புதுக்கொத்து வந்தது. ஆனால் மறுபடி ரிங்லெட்டுக்குப் போக நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்கும் என் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. அம்மா நோட்டுப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மீன் அமிலம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பொருளைப் பார்த்துப் பயந்தால் போதும். மீன் கழிவு ஒரு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. இரண்டையும் கலந்து காற்றுப் புகாமல் மூடி வைத்தால், வெல்லம் மீனிலிருந்த சாற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே கொண்டுவரும். கெட்டியான தேன் நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்காரர்கள் இதை நம் பாட்டன் சொத்து என்பார்கள். இன்று எல்லாரும் செய்யும் இந்தப் பக்குவம் கொரியாவில் சோ ஹான்-கியூ என்பவர் வளர்த்த இயற்கை வேளாண்மையிலிருந்து வந்தது. ஆனாலும் பாட்டன் சொத்து என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது எனச் சொல்லப்படும் சுரபாலரின் விருட்சாயுர்வேதத்தில் குணபஜலம் என்றொரு கரைசல் வருகிறது. கொழுப்பு, மாமிசம், எலும்பு மஜ்ஜை எல்லாம் வேகவைத்து, பால், தேன், எள்ளுப் பிண்ணாக்கு சேர்த்துப் பானையில் ஊறப் போடுவது. அந்தச் சுவடியின் பிரதி ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் இருந்து, 1996-இல் ஆங்கிலத்தில் அச்சேறியது. அதிலே சுரபாலர் ஒரு வார்த்தை சொல்கிறார்: பானையைச் சூடான இடத்தில் வைக்க வேண்டும். கொடுமுடிக்காரர்களுக்குத் தோன்றாதது சுரபாலருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் கேமரன் மலைக்கு வந்திருப்பாரோ என்று அம்மா கேட்டாள்.

மீனுக்கு மலையில் கஷ்டமில்லை. பேராக் கடற்கரையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஐஸ் பெட்டியில் ஏறி வருகிறது. மீன்கார தவுக்கே, கழிவைச் சும்மாவே கொடுத்தார். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. அள்ளிக்கொண்டு போவதற்கு ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. கொரியாக்காரர்கள் முதுகு நீலமாக இருக்கும் மீன்தான் நல்லது என்கிறார்கள். நம்ம கெம்போங்கும் அந்தச் சாதிதான். ஏழைகளின் நாசி லெமாக் மீனுக்குக் கொரியாவில் இவ்வளவு மரியாதை!

ஆனால் வெல்லத்தில் அம்மா கணக்குப் பார்த்தாள். இந்தியாவிலிருந்து வரும் வெல்லம் கிலோ இத்தனை வெள்ளியா, தென்னை வெல்லமான கூலா மெலாக்கா இன்னும் அதிகமா என்று அலசி, மீனுக்குச் சமமாகப் போட வேண்டியதைப் பாதியாக்கினாள். இனிப்புப் போதுமான அளவு இருந்தால் மீன் கெடாமல் ஊறும். குறைந்தால் அழுகும். ஊறுவதற்கும் அழுகுவதற்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மூக்கு நொடியில் சொல்லிவிடும். அந்த வாரக் கடைசியில் எங்கள் சந்துக்கே தெரிந்தது.

திறந்து பார்த்தோம். மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை. அதை விலக்கினால் பழுப்புத் திரவம். ஓரத்தில் ஒரு கெம்போங்கின் தலை, இன்னும் கரையாமல், வெண்கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து அதன் வாயோரத்தில் உடைந்தன. அது ஏதோ சொல்ல வருவதாக என் மகள் சொன்னாள். என்ன சொல்லியிருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. என் மனைவி அன்று முதல் வாசலில் லாவெண்டர் கட்டித் தொங்கவிட்டாள். லாவெண்டரும் கெம்போங்கும் சேர்ந்தால் வரும் வாடைக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஆசோ வேலியோரம் வந்தாள். அவள் வீட்டுக்காரர் காய்கறித் தவுக்கே. பிளாஸ்டிக் கூடாரத்தில் காப்சிகம் போடுகிறவர். கோழி எரு ஏற்றிய லோரி அவர்கள் வாசலில்தான் வந்து நிற்கும். அதிலிருந்து கிளம்பும் ஈ எங்கள் சோற்றில்தான் வந்து உட்காரும். நாங்கள் வாய் திறந்ததில்லை. அந்த ஆசோ இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஆச்சி, பூசோக் லா! யார் செத்தது?"

"மீன்" என்றாள் அம்மா. அதில் பொய் இல்லை.

ஆசோ அம்மாவைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். சுவரோரம் வரிசையாக மினரல் வாட்டர் போத்தல்கள். உள்ளே ஆரஞ்சுத்தோல் மிதந்தது. சீனப் பெருநாளுக்கு வந்த மாண்டரின் ஆரஞ்சு தின்று தீர்ந்ததும் தோலை எறியாமல் இதில் போட்டுவிடுகிறார்கள். மூன்று பங்கு தோல், ஒரு பங்கு பழுப்புச் சீனி, பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் சொல்லிக்கொடுத்து, பினாங்கின் டாக்டர் ஜோயன் ஊன் மலேசியா முழுக்கப் பரப்பிய சமாசாரம். என்சைம் என்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் புளிப்பு அமிலம்தான்; ஆனால் ஆசோவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவள் அதில் தரை துடைக்கிறாள், கழிவறை கழுவுகிறாள், செடிக்கு ஊற்றுகிறாள், முட்டிவலிக்கும் தடவுகிறாள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்; மறந்தால் வெடிக்கும். நடுராத்திரியில் பக்கத்து வீட்டில் கேட்கும் 'டப்' சத்தத்துக்கு அன்றுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அதுவரை தவுக்கே ஏதோ சினிமா பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பேரும் வேலியோரம் நின்று பாசார் மலாயில் நெடுநேரம் பேசினார்கள். இருவருக்கும் மலாய் அரைகுறை. ஆனால் அளவுச் சொற்கள் எல்லாம் இருவருக்கும் தெரியும். விரலால் மூன்று, ஒன்று, பத்து என்று ஆசோ காட்டினாள். அம்மா தன் பங்குக்கு ஒன்று, ஒன்று என்று காட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நிலம் விலை பேசுவதாக நினைத்திருக்கலாம்.

அம்மா அந்தப் போத்தலில் ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். புளிப்பு. உடனே அவளுக்கு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. "மீன் கவிச்சிக்குப் புளி போட்டுக் கழுவுவோமே!" மீன் நாற்றத்துக்குக் காரணம் டிரைமெத்திலமின் என்ற காரப்பொருள்; அமிலம் பட்டால் அது உப்பாக மாறி, காற்றில் பறக்காமல் அடங்கிவிடும். வேதியியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்து மறந்ததை, அம்மா புளிக்கரைசலில் கை நனைத்தே தெரிந்துவைத்திருக்கிறாள். ஆசோவின் என்சைம் இரண்டு போத்தல், கூடவே கஞ்சத்தனம் செய்த மிச்ச வெல்லம், எல்லாம் தோங்கில் இறங்கின. நாலைந்து நாளில் வாடை பாதிக்குமேல் அடங்கியது. கெம்போங் தலையும் ஒரு நாள் கரைந்து மறைந்தது. என் மகள் அதற்காகச் சற்று வருத்தப்பட்டாள்.

இப்போது உரம் தயார், எவ்வளவு ஊற்றுவது? கொரியா முறையில் ஆயிரத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டு வீடியோக்களில் பத்து லிட்டருக்கு நூறு மில்லி, அதாவது நூறுக்கு ஒன்று. கடலைத் தாண்டும்போது பத்து மடங்கு கூடிவிட்டது. நமக்கு எதையும் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கமில்லை. விருந்தாளிக்குச் சோறு வைப்பதில் வந்த கை. அம்மா அதற்கும்மேலே, தன் சில்வர் டம்ளரை அளவாக எடுத்துக்கொண்டாள். "குளிரு ஊரு. சத்து கூடவே வேணும்."

கறிவேப்பிலையோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். கடை வாசலில் அடுக்கியிருந்த ஸ்ட்ராபெரித் தொட்டிகளுக்கும் ஊற்றினாள். ஸ்ட்ராபெரிதான் எங்கள் பிழைப்பு. வருகிறவர்கள் பழத்தோடு இருக்கும் செடியைப் பார்த்து, அதன் முன்னால் நின்று படமெடுத்து, பிறகு கடைக்குள் வந்து ஸ்ட்ராபெரி போட்ட தலையணை வாங்குவார்கள். பழம் இருந்தால்தான் தலையணை போகும்.

மீன் அமிலத்தில் இருப்பது முக்கியமாகத் தழைச்சத்து. அது மிகுந்தால் செடி இலையாகவே வளரும். பூவும் பழமும் பின்னால் போகும். தேயிலைக்கு அது வரம், ஸ்ட்ராபெரிக்கு வம்பு. ஒரு மாதத்தில் எங்கள் தொட்டிகளில் கரும்பச்சை இலை முறம் அகலத்துக்கு எழும்பி, தொட்டியே தெரியாமல் மூடிக்கொண்டது. பழம் ஒன்றுகூட இல்லை. சுற்றுலாக்காரர் ஒருவர் இதை எப்படிச் சமைப்பது என்று கேட்டார். பொரியலா, கூட்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே வந்தாள். செடிகளைப் பார்த்தாள். ஆண்டுக்கணக்காக நான் பார்க்காத ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் வந்தது.

"பார்த்தியா! எப்படித் தளதளன்னு நிக்குது!"

"பழம் எங்கம்மா?"

"பழத்த விடு. இந்தக் கொழுந்தப் பாரு."

வாழைத்தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றினால் சாம்பல்சத்து கூடிப் பூப்பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. அவள் கை தன்பாட்டுக்கு ஒரு குருத்தில் போய் நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்தன, ஒரு திருப்பு, கொழுந்து உள்ளங்கைக்குள். அடுத்தது. அடுத்தது. ஐந்து விரலுக்குள் இலை நிரம்பியதும் கை தானாக முதுகுப்பக்கம் போயிற்று. அங்கே கூடை இல்லை. ஒரு நொடி திகைத்துவிட்டு, முந்தானையைப் பிடித்து அதில் போட்டாள். ஒரு வரிசை முழுக்கப் பறித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

இலையைத் தாளில் பரப்பி வாடவிட்டாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். கருகாமல் வாணலியில் புரட்டி எடுத்தாள். வீடெல்லாம் காய்ந்த புல் மணம் வந்தது. ஸ்ட்ராபெரி இலையில் டீ போடுவது உலகத்தில் உள்ளதுதான். ஐரோப்பாவில் மூலிகைத் தேநீராகக் குடிக்கிறார்கள். ஆனால் அங்கே குடிப்பவர்கள் அதற்கு முந்தைய வாரம் இலையில் கெம்போங் தெளிப்பார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

"நல்லாக் கழுவிட்டேன்டா" என்றாள், நான் வாயைத் திறக்குமுன்.

ஆசோவுக்கு ஒரு கோப்பை போயிற்று. எனக்கு ஒரு கோப்பை. வெளிர்மஞ்சள் நிறம், லேசான துவர்ப்பு, குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆசோ மூக்கைப் பிடிக்காமலே குடித்தாள். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்துவிட்டு, தவுக்கேயிடம் சொல்லித் தன் கடையிலும் பொட்டலம் போட்டு விற்கலாமா என்று கேட்டாள். அம்மா யோசிப்பதாகச் சொன்னாள். யோசிக்கும்போதே பழைய நிறுவைத் தராசு எங்கே இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தாள். பிறகு தோங்கின் சட்டையை இழுத்துச் சரிசெய்து, கழுத்துப் பொத்தானையும் மாட்டிவிட்டாள்.

"நாளைக்குத் தவுக்கேகிட்ட சொல்லி மீனு கொஞ்சம் கூட வாங்கிட்டு வாய்யா. இருக்கிற கொழுந்து பத்தாது."